பழிச்சொல் வேண்டாம், சிகிச்சை இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாலியல் உந்துதலை அடக்க முடியாத ஆண்கள் பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அதை வெறும் ஒழுக்கக்கேடாகவே காட்டியது வருத்தம் தந்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய் வகைப்பாடு, இதை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நோய் என்று சொல்ல, இந்த நிலை 6 மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து, வேலையையோ குடும்பத்தையோ குலைக்க வேண்டும். குற்ற உணர்ச்சி மட்டும் இருந்தால் அது நோயாகாது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளச்சிகிச்சைதான் இதற்கு முதன்மையானது. சிலருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளோ, மதுப் பழக்கத்துக்குக் கொடுக்கும் நல்ட்ரெக்சோன் என்ற மருந்தோ உதவுகின்றன. ஆனால் வைத்தியர் சொல்லாமல் இவற்றைத் தொடக்கூடாது.

எனக்கு மச்சான் முறையான ஒருவர் வெட்கத்தால் ஏழு வருடம் வாய் திறக்கவில்லை. நூல் கட்டினார்கள், நேர்த்தி வைத்தார்கள். கடைசியில் மனைவிதான் கையைப் பிடித்து மனநல வைத்தியரிடம் கூட்டிப்போனார். மாத்திரையோடு வாராவாரம் பேச்சுச் சிகிச்சையும் நடந்தது. இப்போது பிள்ளைகளோடு சேர்ந்து இருந்து சாப்பிடுகிறார். அந்த ஏழு வருடம் வீணாகப் போயிருக்க வேண்டியதில்லை. யாழ். மாவட்ட ஆதார வைத்தியசாலைகளில் ஆண்களுக்கென்று வாரத்தில் ஒரு மாலை கிளினிக் வைக்கலாம், பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இலக்கம் கொடுத்து. இத்தகைய கட்டுரைகளின் கீழே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
நல்லூர்.