பாப்பாவுக்கு, சிவகாமியைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் இரண்டு நிமிஷத்தில் "சரிம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். இதை உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்புகிறேன். ஏன் என்று கேட்க வேண்டாம்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கொல்லைப்புற அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னல் கொக்கியையும் மாற்றியாயிற்று. சின்ன மாமா வீட்டு விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், புதிதாக ஒன்றுமில்லை. மேலத்தெருக் கல்யாணத்தைப் பற்றி நிறைய எழுத நினைத்தேன், அது அப்புறம். வேளாவேளைக்குச் சாப்பிடு.

பரணை ஒழிக்கும்போது உன் 'சிவகாமியின் சபதம்' கிடைத்தது. கல்கி எழுதியதெல்லாம் 1999-ல் அரசுடைமை ஆனபிறகு மலிவுப் பதிப்பு வந்ததே, புத்தகக் கண்காட்சியில் அடம்பிடித்து வாங்கினாயே, அதுதான். அட்டை முதுகு விட்டுப்போய், நாலு பாகமும் தனித்தனியாக வருகிறது. ராத்திரி வேலையெல்லாம் முடிந்தபிறகு உட்கார்ந்து முழுக்கப் படித்துவிட்டேன். சிவகாமி சபதம் செய்கிற பக்கத்தில், ஓரமாகப் பென்சிலில் "சபாஷ்!" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய். அழுத்தி எழுதியதில் அடுத்த பக்கத்திலும் அச்சு விழுந்திருக்கிறது.

அந்தப் பக்கத்தில்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

கதை உனக்குத் தலைகீழ்ப் பாடம். பிறந்த கன்றுக்குட்டிக்கே ரதி என்று அவளுடைய மானின் பெயரை வைத்தவள் நீ. இருந்தாலும் சொல்கிறேன், கேள். அந்த வயதில் சிவகாமி என்றால் சபதம், வீரம், அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது அவள் பட்ட பாடு. சிற்பியின் மகள், சக்கரவர்த்தியின் மகன் மாமல்லர்மேல் மனதை வைத்துவிட்டாள். மகேந்திர பல்லவருக்கு அவள் ஆட்டம் வேண்டும், மருமகளாக அவள் வேண்டாம். ஆயனர் நல்ல மனுஷர், மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் அஜந்தா வர்ணத்தின் ரகசியம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், எதிரே நிற்கிற பெண்ணின் முகம் வாடியிருப்பதுகூட அவருக்குத் தெரியாது. அப்பாக்கள் இப்படித்தான் போலிருக்கிறது. கேட்காமல் இருப்பதால் நினைக்காமல் இருக்கிறார்கள் என்று ஆகாது, பாப்பா.

அப்புறம் வாதாபி, எதிரி ராஜா புலிகேசியின் ஊர். தமிழ்நாட்டிலிருந்து சிறைபிடித்துக்கொண்டு போன ஜனங்களைச் சாட்டையால் அடிக்கிறார்கள். அடி நிற்க வேண்டும் என்றால் அவள் நாற்சந்தியில் ஆட வேண்டும். ஆடுகிறாள். எந்தக் கலைக்காக அவளைக் காஞ்சி கொண்டாடியதோ அதை வைத்தே தெருவில் அவமானப்படுத்துகிறார்கள். அந்தக் கொதிப்பில்தான் வாயிலிருந்து அந்த வார்த்தை வருகிறது, மாமல்லர் வந்து இந்த ஊரைக் கொளுத்தி என்னைக் கூட்டிக்கொண்டு போகும்வரை இங்கிருந்து நகரமாட்டேன் என்று. அப்போது அவள் அப்படிப் பேசியதில் தப்பே கிடையாது. நானாக இருந்தாலும் பேசியிருப்பேன்.

ஆனால் அதற்கப்புறம் மாமல்லரே மாறுவேஷத்தில் வருகிறாரே! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரி ஊருக்குள் நுழைந்து, கிளம்பு என்கிறார். வாசல் திறந்திருக்கிறது, வேண்டியவர்கள் வந்து நிற்கிறார்கள். அவளோ சபதம் சபதம் என்று நின்றுவிட்டாள். அந்த அத்தியாயத்தை நீ என்னிடம் சத்தமாகப் படித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. அப்போது உன் குரலில் எவ்வளவு பெருமை! இப்போது படிக்கும்போது, அடி பெண்ணே, கிளம்பேன் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்பா எழுந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, புத்தகம் என்றேன்.

ஒன்பது வருஷம் அங்கே இருந்தாள், பாப்பா. அதற்குள் காஞ்சியில் பெரியவர் போய்விட்டார், மாமல்லருக்குப் பாண்டிய ராஜகுமாரியோடு கல்யாணம் ஆகிக் குழந்தைகளும் ஆகிவிட்டது. சொன்ன சொல் என்னவோ நிறைவேறியது. வாதாபி எரிந்தது. திரும்பி வந்தவளுக்கு ராணியும் இரண்டு பிள்ளைகளும் கண்ணில் படுகிறார்கள். கடைசியில் ஏகாம்பரநாதர் சன்னதியில் தாலி கட்டிக்கொண்டு, அப்பர் பெருமானுடைய 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' பாட்டுக்கு ஆடுகிறாள். அந்த இடம் அழகாக இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். கண்ணில் தண்ணீர் வராமல் யாராலும் படிக்க முடியாது. ஆனாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கஷ்டப்பட்ட பெண்ணை ஏன் இந்த எழுத்தாளர்கள் ஒன்று சாமியிடம் அனுப்புகிறார்கள், இல்லையென்றால் சாகடிக்கிறார்கள்? 'பொன்னியின் செல்வ'னில் அந்த மணிமேகலை என்ன பாவம் செய்தாள்? வந்தியத்தேவன் மடியில் உயிரை விட வேண்டும் என்று அவள் தலையில் எழுதியது யார்? வீட்டுக்குத் திரும்பி வந்து, நாலு நாள் அழுது, ஐந்தாம் நாள் சோறு வடித்து, மறுபடி சலங்கை கட்டினாள் என்று எழுதினால் அது காவியம் ஆகாதா?

அதே கதையில் வருகிற பூங்குழலியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், உனக்கே தெரியும். கோடிக்கரையில் தனியாகப் படகு விடுகிறவள். இளவரசர்மேல் ஆசை, அரண்மனைமேல் ஆசை, எல்லாம் இருந்தது. பிறகு அதெல்லாம் வேண்டாம், பூக்கட்டித் தருகிற சேந்தன் அமுதன் போதும் என்று மனதை மாற்றிக்கொண்டாள். மாற்றிக்கொண்டதற்கு அவள் யாரிடமும் கூனிக்குறுகி நிற்கவில்லை. மனது மாறினால் மாறட்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் மாறும்.

நீ போன புதிதில் பாதாமிக்குப் போய், அகஸ்திய தீர்த்தக் கரையில் அந்தச் சிவப்புப் பாறைக்குக் கீழே நின்று போட்டோ அனுப்பினாயே. "அம்மா, நான் வாதாபியில நிற்கிறேன்" என்று போட்டிருந்தாய். நரசிம்மவர்மரின், அதாவது நம் மாமல்லரின், கல்வெட்டு இங்கே பாறையில் இருக்கிறது, 642-ல் ஊரைப் பிடித்தது நிஜம் என்று எழுதினாய். பக்கத்து ஐஹொளேயில் புலிகேசியின் புலவர் ரவிகீர்த்தி, பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்று அதற்கு முன்னாலேயே பாடிவைத்திருக்கிறார் என்று சொல்லிச் சிரித்தாய். எல்லாருக்கும் அதைக் காட்டினேன். என் பெண் கல்வெட்டெல்லாம் பார்க்கிறாள் என்று அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டேன். ராஜாக்களுக்குக் கல் இருக்கிறது, பாட இரண்டு பக்கமும் புலவர்கள் இருக்கிறார்கள். நடுவில் இழுத்துக்கொண்டு போன பெண்களுக்கு எதுவும் இல்லை. அந்த இடத்தில்தான் கல்கி கற்பனையாக ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதனால்தான் நம் வீட்டில் மூன்று தலைமுறையாக அவளுக்காக அழுதோம்.

அந்தப் போட்டோவில் நீ கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாய். போன வாரம் வீடியோவில் பார்த்தபோது கழுத்தெலும்பு தெரிகிறது. பின்னால் இருந்த சுவரும் பழைய சுவர் இல்லை. ஆடியிலிருந்து மாப்பிள்ளை குரலே போனில் கேட்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறபோது சொல். நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி கதவை நன்றாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். தனியாக ராத்திரி பஸ்ஸில் எங்கேயும் போகாதே.

இரண்டு தீபாவளிக்கு வராமல் இருந்தாயே, அது மட்டும் எனக்கு மனத்தாங்கல்தான். உன் துணிக்கு மஞ்சள் தடவிப் பீரோவிலேயே வைத்திருக்கிறேன். அவ்வளவு தூரத்தில் தனியாக நின்று, ஒருவரிடமும் கை நீட்டாமல் வேலை பார்க்கிறாய், அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும்.

அன்றைக்கு வாசலில் நின்று, அப்பாவே வந்து கூப்பிட்டால்தான் இந்தப் படி ஏறுவேன் என்றாய். அவரும் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் கொதிப்பில் சொன்னது. அவர் வந்து கூப்பிட மாட்டார், பாப்பா. அவருக்கு அது வராது. ஆனால் அந்த அறைக்கு வெள்ளையடிக்க ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவர்தான். நான் சொல்லவே இல்லை. கடைக்குப் போய்க் கொக்கி வாங்கி வந்து, பாப்பாவுக்கு அந்த ஜன்னல் காற்றில் அடித்தால் தூக்கம் வராது என்று தானே ஸ்டூல் போட்டு மாட்டினார். மாட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டார். இதைவிட அவரிடமிருந்து நீ என்ன எதிர்பார்க்கிறாய்?

சொன்ன வார்த்தையை இங்கே யாரும் கணக்கு வைத்துக்கொண்டிருக்கவில்லை. அத்தை ஏதாவது பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். தெருவில் கேட்டால், லீவுக்கு வந்திருக்கிறாள் என்பேன். எவ்வளவு நாள் லீவு என்றால், அவள் இஷ்டம் என்பேன்.

பெங்களூர் வந்து மயிலாடுதுறை போகிற வண்டியைப் பிடித்தால் விடியற்காலை கும்பகோணம். அதிகச் சாமான் தூக்காதே, முக்கியமான சர்ட்டிபிகேட் மட்டும் கையில் எடுத்துக்கொள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். லீவு கிடைக்காது, இப்போது முடியாது என்றால் நான் கிளம்பி வருகிறேன். சின்ன மாமா ரயில் ஏற்றிவிடுவார். எனக்குக் கன்னடம் தெரியாவிட்டால் என்ன, சீட்டைக் காட்டினால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட மாட்டாரா? அதனால் முகவரியை மட்டும் தமிழிலும் கன்னடத்திலும் தெளிவாக எழுதி அனுப்பு. பழைய வீட்டு முகவரி வேண்டாம். இப்போது இருக்கிற இடத்து முகவரி.

அன்புடன்,
அம்மா