செயலாளர் ஆண்டறிக்கை: பண்பாட்டுக் கொள்கையும் நம் ஊர் ஸ்பெஷல் நாடகமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி இவ்வாண்டுக் கூட்டங்கள் பண்பாட்டுக் கொள்கை பற்றியே நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார்.

கலைக்கு அரசு கைகொடுக்கும் விதத்தை நான்கு மாதிரிகளாகப் பிரிப்பது வழக்கம். அமெரிக்காவில் பெரும்பாலும் வரிச்சலுகைதான். எந்தக் கலை என்பதை நன்கொடையாளர் முடிவு செய்கிறார். பிரிட்டனில் 1946இல் அமைந்த கலை மன்றம் அரசுப் பணத்தை வாங்கி, அமைச்சர் தலையிடாமல் பங்கிட்டது. பிரான்சில் 1959இல் தனி அமைச்சகமே வந்தது. ஆந்த்ரே மால்ரோ முதல் அமைச்சர். அன்றைய சோவியத் நாட்டில் அரங்குகளே அரசுடைமையாக இருந்தன. 1953இல் தொடங்கிய நம் சங்கீத நாடக அகாடமி பிரிட்டன் மாதிரியை ஒத்தது: தன்னாட்சி அமைப்பு, பணம் மட்டும் மத்திய அரசினுடையது.

ஊர்த் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகம் இந்த நான்கிலும் அடங்காது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் நாடக சபை தொடங்கிய மண் இது. ஆனால் ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழு கிடையாது. ராஜபார்ட் (நாயகன்), ஸ்திரீபார்ட் (நாயகி), பபூன் (கோமாளி), ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் தனித்தனியே தேதி பேசி வரவழைக்கிறார்கள். ஒத்திகை இல்லை, மேடையில்தான் சந்திப்பு. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் குரு-சிஷ்ய பரம்பரை நிதியுதவியோ ஒரு குருவுக்கும் அவர் சீடர்களுக்கும் மாதந்தோறும் தரப்படுவது. குழுவே இல்லாதவர்கள் யார் பெயரில் விண்ணப்பிப்பது? இந்தக் கலையைக் காப்பாற்றி வருவது தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்தும் ஊர்தான். அந்த ஊர்ப் பெரியவர்களையே நம் கலை மன்றம் என்று சொல்வேன்.

அடுத்த இடைஞ்சல் ஒலிபெருக்கி. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் அதற்குத் தடை. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு ஆண்டில் மொத்தம் 15 நாள் வரை, நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். 'வள்ளி திருமணம்' தொடங்குவதே 10 மணி வாக்கில். பக்திப் பாட்டு, பபூன், டான்ஸ் முடியவே நள்ளிரவு ஆகிவிடும். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்வதும், வேடனாக வரும் முருகன் வள்ளியை மடக்குவதும் அதற்குப் பிறகுதான். 12 மணிக்கு மைக்கை அணைத்தால் சிரிப்பு மிஞ்சும், நாடகம் போய்விடும். கூம்பு ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டு, மேடையடியில் இரண்டு பெட்டிகளைக் கூட்டத்தைப் பார்த்து வைத்தால் சத்தம் அடுத்த தெருவுக்கு அதிகம் போகாது. இதனால் விதி மாறிவிடாது. ஆனால் நோயாளியும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உள்ள வீட்டார் புகார் சொல்வது குறையலாம்.

ஆகவே இரண்டு வேலைகளைச் செயற்குழு முன் வைக்கிறேன். பங்குனி பிறக்குமுன், சுற்று வட்டார ஊர்களின் நாடகத் தேதிகளை ஒரே பட்டியலாக்கி, அந்த 15 நாளில் சேர்க்கக் கோரி மாவட்ட ஆட்சியர் வழியாக அரசுக்கு மனு. நாடகத்தை மாலை 6 மணிக்கே தொடங்கச் சம்மதிக்கும் ஊர் ஒன்றில், பபூன் பகுதியைச் சுருக்கித் தர்க்கத்தை முழுதாக ஆடிப் பார்க்கும் ஒரு முயற்சி. கலைஞர்களுக்குச் சம்பளம் குறையக் கூடாது என்பது நிபந்தனை.

இங்ஙனம்,
செயலாளர், மதுரை