பச்சை நிறத்தாளுக்குக் காதல் உண்டு, கறுப்பினத்தாளுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் கோடை விடுமுறை முழுவதும் கணினி விளையாட்டில் மூழ்கிக் கிடந்தாள். திட்டுவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்த நானும் கதையில் சிக்கிக்கொண்டேன். 2023-இல் வெளியான 'பால்டர்ஸ் கேட் 3' என்ற மாயாஜால விளையாட்டு அது. உடன் வரும் தோழர்களில் பிடித்தவரைக் காதலிக்கலாம். பச்சையும் மஞ்சளும் கலந்த தோல் கொண்ட வீராங்கனை, கொம்பு முளைத்த செந்நிறப் பெண், ஏன், கரடியாக உருமாறுகிறவர்கூட உண்டு. கறுப்பின இளைஞன் ஒருவனும் இருக்கிறான். கறுப்பினப் பெண்தான் இல்லை.

2014-இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' விளையாட்டில் விவியன் என்றொரு கறுப்பின மந்திரக்காரி வருகிறாள். அரசவையையே ஆட்டிப்படைக்கும் அறிவும் மிடுக்கும் உடையவள். நம்மோடு நின்று போரிடுவாள், ஆலோசனை சொல்வாள். காதலுக்கு மட்டும் வழி வைக்கவில்லை. அவளுக்கு ஏற்கெனவே ஒரு பிரபு இருக்கிறாராம், நல்ல சாக்கு!

மரகத மேனி மீனாட்சிக்குச் சித்திரைதோறும் ஊரே கூடித் திருக்கல்யாணம் நடத்துகிறோம். அதே ஊரில்தான் 'சிவந்த நிற மணமகள் தேவை' என்று விளம்பரமும் கொடுக்கிறோம், தங்கள் இதழ் உட்பட. கறுப்பினத்தாரின் வரலாறு வேறு, நம் நிறப்பித்து வேறு என்பது தெரியும். ஆனாலும் 'மாநிறம்' என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்த்த எங்கள் கறுப்பு மகள், கைபேசி முகப்பில் விவியனின் படத்தைத்தான் வைத்திருக்கிறாள்.

ஒரு வாசகி,
செல்லூர், மதுரை.