வலிகாமம் வடக்கு காணிகளுக்கு ஒரு திகதி சொல்லுங்கள்: ஜனாதிபதிக்கு ஒரு திறந்த மடல்

அதிமேதகு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அவர்களுக்கு,

வணக்கம். இந்த 2025 செப்டெம்பர் 10ஆம் திகதி, முன்னாள் ஜனாதிபதிகளின் உரித்துரிமைகளை நீக்கும் சட்டமூலம் பாராளுமன்றத்தில் 151 வாக்குகளால் நிறைவேறியது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. மறுநாளே முன்னாள் ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச விஜேராம மாவத்தை இல்லத்தை விட்டுத் தங்காலைக்குப் போனார். அந்தச் செய்தியைப் பார்த்தபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது. அரச வீட்டைவிட்டு இறங்கிய அவருக்குப் போய்ச் சேரச் சொந்த ஊரில் சொந்த வீடு இருந்தது. எங்களுக்கும் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், வசாவிளானில் ஒரு வீடு இருந்தது. அந்தக் காணி படையினர் வசமிருப்பதால் அங்கே போக இன்றுவரை வழியில்லை.

அரசாங்கத்துக்குச் சொந்தமான வீட்டை மீட்க உங்களுக்கு ஒரு சட்டமும் ஒரு நாளும் போதுமாக இருந்தன. அதை நாங்களும் வரவேற்றோம். ஆனால் குடிமக்களுக்குச் சொந்தமான வீட்டையும் வளவையும் தோட்டத்தையும் விடுவிக்க ஒரு சட்டமும் தேவையில்லை. முப்படைகளின் தளபதி நீங்கள். உங்கள் உத்தரவு ஒன்று போதும். அப்படியிருந்தும் நீங்கள் பதவிக்கு வந்து முழுதாக ஓராண்டு கடந்துவிட்டதே என்பதுதான் எங்களுக்குத் தாங்கமுடியாமல் இருக்கிறது.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வலிகாமம் வடக்கில் படையினர் வசமிருக்கும் பொதுமக்களின் காணிகள் எந்தத் திகதியில் உரியவர்களிடம் கையளிக்கப்படும் என்பதைத் தயவுசெய்து எழுத்தில் அறிவியுங்கள். கிராம அலுவலர் பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு திகதி வேண்டும்.

1990 ஜூனில் போருக்கு அஞ்சி நாங்கள் எப்படி ஓடினோம், எத்தனை கோவில்களிலும் பள்ளிக்கூடங்களிலும் படுத்தெழும்பினோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. 2015 இறுதியில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன இடம்பெயர்ந்த நாங்கள் இருந்த கோணப்புலம் முகாமுக்கே வந்து, குடிசைகளுக்குள் நுழைந்து பார்த்து, ஆறு மாதங்களில் தீர்த்துவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறு மாதங்களை நம்பிக் காத்திருந்தவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அதனால்தான் "கட்டம் கட்டமாக", "பரிசீலனையில் உள்ளது" என்ற பதில்களை எங்கள் பெரியவர்கள் இப்போது செவிமடுப்பதே இல்லை. அவர்கள் கேட்பது திகதி ஒன்றைத்தான்.

கடந்த ஓராண்டில் இந்த நாட்டில் நடந்தவற்றை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஜனாதிபதித் தேர்தல் ஒன்றில் இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டதை இலங்கை முதன்முறையாகக் கண்டது உங்கள் வெற்றியில்தான். கடந்த நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 225 ஆசனங்களில் 159 உங்கள் தேசிய மக்கள் சக்திக்குக் கிடைத்தன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலும் ஆறில் மூன்று ஆசனங்களை உங்களுக்குத் தந்தோம். தெற்கிலிருந்து வந்த எந்தக் கட்சிக்கும் அதற்கு முன் நாங்கள் அப்படித் தந்ததில்லை. அந்த வாக்கு எளிதாக விழுந்த வாக்கன்று, எங்கள் வீடுகளில் அதற்காகச் சண்டையே நடந்தது. முன்னாள் அமைச்சர்கள் நீண்டகாலச் சிறைத்தண்டனை பெற்றார்கள். முன்னாள் ஜனாதிபதி ஒருவர் கைதானார். பொலிஸ் மா அதிபர் ஒருவரைப் பாராளுமன்றமே வாக்களித்து நீக்கியது. இந்த நாட்டில் முடியாது என்று சொல்லப்பட்டவையெல்லாம் ஓராண்டுக்குள் முடிந்திருக்கின்றன. எங்கள் காணி மட்டும் இன்னும் ஏன் முடியாத காரியமாகவே இருக்கிறது?

வீதிகள் திறக்கப்பட்டன, உண்மைதான். பாராளுமன்றத் தேர்தலுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அச்சுவேலி - பலாலி வீதியின் மூடிக்கிடந்த பகுதி திறந்தது. உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கையில், ஏப்ரல் 10ஆம் திகதி, வசாவிளானிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி திறந்தது. இரண்டும் தேர்தலுக்கு முன்னால் வந்ததை எங்கள் சனம் கவனித்தது. பரவாயில்லை, எப்போது வந்தாலும் வழி வழிதான் என்று சொல்லிக்கொண்டோம்.

ஆனால் ஏப்ரலில் அந்த வீதியோடு ஓர் அறிவித்தல் பலகையும் வந்தது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே போகலாம். நடந்து போகக் கூடாது. வாகனத்தை இடையில் நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது.

வீதி திறந்த நாட்களில் அந்த வழியே ஓடிய பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருவரோடு போனேன். எண்பது வயதைத் தாண்டியவர். ஜன்னலோரம் இருந்து, கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முறிந்த மதில்களையும் பற்றைக்காட்டையும் பார்த்து ஒவ்வொரு வளவாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். தன் வளவு இருக்கவேண்டிய இடம் வந்ததும், ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லும்படி நடத்துநரைக் கேட்டார். நடத்துநரும் பக்கத்து ஊர்க்காரர்தான். தலையைக் குனிந்துகொண்டு, முடியாது அம்மா என்றார். சாரதி வேகத்தைச் சற்றுக் குறைத்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். முட்கம்பி வேலிக்கு அப்பால் பெரியம்மாவின் கிணற்றுக்கட்டு தெரிந்ததா இல்லையா என்று வீடு வந்து சேரும்வரை அவருக்கே நிச்சயமில்லை. நிபந்தனைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தலாம். வீதிக்கு இருபுறமும் உள்ள வேலி அப்படியே நிற்கும்வரை அந்த வீதியால் எங்களுக்கு ஆவது என்ன?

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறோம் என்பதைச் சொல்லவேண்டும். கொழும்பில் பலருக்கு இது புரிவதில்லை.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை உங்கள் அதிகாரிகள் பார்த்திருப்பார்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். பிறகு பரப்புக் கணக்கு. அதன்பின் நான்கு எல்லைகள்: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் உரித்தாளர்கள், தெற்கே இன்னார். முடிவில் கிணற்றில் இத்தனை பங்கும் வழி வாய்க்கால் உரிமையும். எல்லையாகச் சொல்லப்பட்ட அந்த இன்னார்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள், மிச்சப்பேர் கனடாவிலும் பிரான்ஸிலும் இருக்கிறார்கள். வேலி இல்லை, கதியால் இல்லை, எல்லையில் நின்ற பூவரசும் இல்லை. ஒழுங்கைகள் புல்டோசரில் போய்விட்டன. நாளைக்கே நில அளவையாளர் வந்து நின்றாலும், உறுதியில் உள்ள ஒழுங்கை இந்த இடத்தில்தான் திரும்பியது, பங்குக் கிணறு இதுதான் என்று காட்டுவதற்கு ஊரில் வாழ்ந்த ஒரு மனிதர் வேண்டும். 1990இல் ஐம்பது வயதில் தோட்டம் செய்தவருக்கு இப்போது வயது 85. ஒவ்வொரு செத்தவீட்டிலும் எங்களுக்கு நாலைந்து காணிகளின் எல்லை இல்லாமல் போகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் காணிகளை விடுவித்தால், இராணுவத்தோடு இருந்த வழக்கு எங்களுக்குள் வரும். சகோதரங்கள் நீதிமன்றத்தில் ஆளுக்கு ஆள் எதிராக நிற்பார்கள். அந்தப் பழியும் காலத்தைக் கடத்தியவர்களையே சேரும்.

இடம்பெயர்ந்த பிறகு பிறந்தவள் என் தங்கை. அவளுடைய கல்யாணத்துக்கு அம்மா வசாவிளான் காணியைச் சீதனமாக எழுதிக்கொடுத்தார். உறுதியில் கல்வீடு, கிணறு, மா, பலா எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கின்றன. அவள் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. உறுதி பெட்டிக்குள் இருக்கிறது, அவள் வாடகை வீட்டில் இருக்கிறாள். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல, அந்தப் பகுதியில் வீட்டுக்கு வீடு உள்ள கதை. எங்கள் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் வாழையும் விளைந்தன. அதே மண்ணில் படையினர் தோட்டம் செய்து, விளைச்சல் சந்தைக்கு வந்திருக்கிறது. சொந்தக்காரன் தன் காணியில் விளைந்த மரக்கறியைக் காசு கொடுத்து வாங்கவேண்டிய நிலை எந்த நாட்டுச் சட்டத்திலும் நியாயமாகாது.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிப்பதாக மரங்களிலும் சுவர்களிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று அதில் காரணம் எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்கள் சில மைல்களுக்கு அப்பால் முகாம்களில் அரசாங்கத்தின் பதிவேட்டிலேயே இருந்தார்கள். 2,000 பேருக்கு மேல் நீதிமன்றம் போய்த் தாங்கள் யார் என்பதை நிரூபிக்கவேண்டியிருந்தது. அது அன்றைய ஆட்சி. ஆனால் இவ்வாண்டு மார்ச் 28ஆம் திகதி வந்த வர்த்தமானி உங்கள் ஆட்சியில் வந்தது. வடக்கில் 5,940 ஏக்கர். மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. போரில் உறுதியைத் தொலைத்தவர்களும் பிறநாடுகளில் சிதறியவர்களும் மூன்று மாதங்களில் எந்தக் கந்தோருக்கு ஓடுவார்கள்? உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபிறகுதான் மூச்சு வந்தது. மாற்றத்துக்கு வாக்குக் கேட்டு வந்தவர்களின் கையால் அப்படியொரு அறிவித்தல் வரும் என்று எங்களில் எவரும் நினைத்திருக்கவில்லை, ஐயா. மே மாதத் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சி ஏன் மீண்டும் முன்னுக்கு வந்தது என்று உங்கள் கட்சியினர் ஆராய்ந்திருப்பார்கள். எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

சொல்ல இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துச் செம்மணியில், சித்துப்பாத்தி மயானப் புதைகுழியில் இவ்வாண்டு தோண்டத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. அவற்றுள் ஒரு பிள்ளை நீலநிறப் பள்ளிப் பையோடு கிடந்தது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், நீக்குவோம் என்று நீங்கள் எழுதித் தந்த பின்னரும் நடைமுறையில் இருக்கிறது. வடக்கு மாகாண சபைக்கு 2013க்குப் பிறகு தேர்தலே இல்லை. தெற்கில் இளைஞர்கள் சித்திரவதை செய்யப்பட்ட பட்டலந்தை முகாம் பற்றிய விசாரணை அறிக்கையைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுவந்தவர்கள் நீங்கள். உங்கள் கட்சித் தோழர்களும் காணாமல் போனார்கள், பிள்ளைகளைத் தேடிய தாய்மார் தெற்கிலும் இருக்கிறார்கள். எங்களுக்கு என்ன வலிக்கிறது என்பதை உங்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் உங்களிடம் கோபமும் அதிகம், எதிர்பார்ப்பும் அதிகம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மடல் எழுதவேண்டும். இந்த மடல் காணிக்காக எழுதியது, காணிக்கே திரும்புகிறேன்.

இம்மாதம் முதலாம் திகதி மயிலிட்டிக்கு வந்து துறைமுகத்தின் மூன்றாம் கட்டப் பணிகளைத் தொடக்கிவைத்தீர்கள். நன்றி. எங்கள் மீனவர்களுக்கு அது வேண்டியதுதான். துறைமுகத்தை விட்டுச் சற்று உள்ளே போனால் வேலி வந்துவிடும். நீங்கள் அந்தப் பக்கமும் வந்து பார்த்திருக்கலாம் என்பது எங்கள் ஆதங்கம்.

பாதுகாப்புக்கும் விமான நிலையத்துக்கும் நிலம் தேவை என்றால், எவ்வளவு, எங்கே என்று வரைபடம் ஒன்றை வெளியிடுங்கள். அதைப்பற்றிச் சட்டப்படி எங்களோடு பேசுங்கள். போர் முடிந்து 16 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஓடுபாதைக்குத் தேவையான நிலம் எது, வெங்காயத் தோட்டம் எது, படையினரின் விடுதி எது என்று பிரித்துச் சொல்ல இந்தக் காலம் போதாதா?

நவம்பரில் அடுத்த வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கவிருக்கிறீர்கள். அதற்கு முன்பாக, எந்தெந்தக் கிராம அலுவலர் பிரிவில் எவ்வளவு காணி, எந்தத் திகதியில் கையளிக்கப்படும் என்ற பட்டியலை வெளியிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். எல்லை காட்டக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே நில அளவையைத் தொடங்குங்கள். மீளக் குடியேறுவோருக்கு வீடும் கிணறும் கட்டுவதற்கான நிதியை அந்தத் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். பட்டியலைப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள். பெரியம்மாவும் அவர் வயதொத்தவர்களும் மற்றவர்களைக் கேட்காமல் தாங்களே வந்து வாசித்துக்கொள்வார்கள்.

பணிவுடன்,
வசாவிளானில் பிறந்த ஓர் ஆசிரியை
2025 செப்டெம்பர்