ஒருவர் விழுந்தால் மற்றவர் ஓட்ட வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் குளிர்காலத்தை அமெரிக்காவின் தென் மாநிலங்களில், ஆர்.வி. எனப்படும் நடமாடும் வீட்டு வாகனங்களில் கழிக்கும் ஓய்வூதியர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் வாசித்தேன். எங்கே தங்கலாம், மாதத்துக்கு எவ்வளவு செலவாகும், எந்த அளவு வாகனம் வாங்கலாம் என்பனவெல்லாம் அதில் விரிவாகவே இருந்தன. ஆனால், வயது முதிர்ந்த இருவர் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் தூரத்துக்கு ஒரு சிறிய வீட்டை இழுத்துச் செல்லும்போது, அவர்களில் ஒருவர் விழுந்து காலை முறித்துக்கொண்டால் என்ன செய்வது என்பது பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுவதன்படி, 65 வயதைக் கடந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் ஆண்டுதோறும் ஒரு தடவையேனும் விழுகிறார்கள். இவ்வளவு சாதாரணமாக நிகழும் ஒன்றைத் திட்டத்துக்கு வெளியே விட்டுவிடுவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

என்னுடைய கருத்து இதுதான். இருவரில் யார் படுத்துவிட்டாலும் மற்றவர் தனியாகவே வாகனத்தை ஓட்டி, தரித்து, தண்ணீரும் மின்சாரமும் இணைத்து, கழிவை அகற்றி, பாதுகாப்பாக வீடு திரும்பக்கூடிய அளவில் இருந்தால்தான் அது ஓய்வுக்காலத்துக்கு ஏற்ற பயணத் திட்டம். அந்த அளவைத் தாண்டிய வாகனம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் நம் வயதுக்குப் பொருந்தாது.

நானும் என் கணவரும் கோடைக்காலத்தை ஒன்ராறியோவில் ஒரு பருவகால ட்ரெயிலர் பூங்காவிலும், குளிர்காலத்தை ரெக்சாசின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்ட் பள்ளத்தாக்கிலும் கழித்து வருகிறோம். ஒன்ராறியோவின் இத்தகைய பூங்காக்கள் பெரும்பாலும் மே மாதத்தில் திறந்து அக்டோபர் நடுப்பகுதியில் மூடிவிடுகின்றன. கடந்த ஆண்டு பூங்கா மூடவிருந்த வாரத்தில், வெயில்மறைப்பைச் சுருட்டி முடித்து வந்த என் கணவர், ட்ரெயிலரின் ஈரமான மடிப்புப் படியில் சறுக்கி வலது கணுக்காலை முறித்துக்கொண்டார். தகடும் திருகாணிகளும் வைத்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆறு வாரங்களுக்கு அந்தக் காலை நிலத்தில் ஊன்றக் கூடாது என்றார்கள். நாங்கள் நவம்பர் தொடக்கத்தில் புறப்படுவதாக இருந்தோம்.

வலது கால் என்பதுதான் இதில் முக்கியம். பிரேக்கை மிதிப்பது அந்தக் கால். கணுக்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னர், அவசரத்தில் பிரேக் மிதிக்கும் வேகம் பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ 9 வாரங்கள் ஆகுமென்று ஆய்வு ஒன்று கூறுகிறது. அதுவும் சாதாரணக் காருக்கான கணக்கு. பின்னால் சில ஆயிரம் கிலோ எடையுள்ள ட்ரெயில‌ரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்பவர் அதைவிடக் கூடுதலாகவே பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்து காப்புறுதி. நம்மவர்கள் பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுவாகையால் சற்று விரிவாக எழுதுகிறேன். வெளிநாட்டில் அவசரமாக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டால் ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் திட்டம் தருவது, உயர்நிலைச் சிகிச்சைக்குக்கூட, நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனேடிய டொலர். அமெரிக்க வைத்தியசாலைக் கட்டணத்தின் முன் அது ஒரு பொருட்டே அல்ல; ஆகவே தனியார் பயணக் காப்புறுதி இல்லாமல் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்தக் காப்புறுதிகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே உள்ள உடற்கேடு புறப்படும் நாளுக்கு முன் குறிப்பிட்ட காலம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டுமென நிபந்தனை விதிக்கின்றன. வயதையும் ஒப்பந்தத்தையும் பொறுத்து அது 90 நாட்களாகவோ 180 நாட்களாகவோ இருக்கலாம். இந்த நாட்கள் விழுந்த தினத்திலிருந்து எண்ணப்படுவதில்லை. சிகிச்சையில் ஏற்பட்ட கடைசி மாற்றத்திலிருந்தே எண்ணப்படும். மருந்தின் அளவைக் குறைப்பதும், வலி மாத்திரையை நிறுத்துவதும்கூடப் பல ஒப்பந்தங்களில் மாற்றமாகவே கொள்ளப்படும். கால் ஆறிவிட்டது, இனிப் புறப்படலாம் என்று வைத்தியர் சொல்வதும், காப்புறுதி நிறுவனம் ஏற்றுக்கொள்வதும் ஒன்றல்ல. எங்கள் புறப்பாடு பெப்ரவரிக்குத் தள்ளிப்போனதற்குக் காலைவிட இந்தக் கணக்கே காரணம்.

இந்த ஆண்டு போகவே வேண்டாம், ட்ரெயிலரையும் விற்றுவிடுங்கள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அவர்களுடைய அக்கறை புரிகிறது, ஆனாலும் நான் உடன்படவில்லை. நாங்கள் குடியிருக்கும் ஸ்காபரோவில் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியே நடப்பதென்றால் பனிக்கட்டி படிந்த நடைபாதையில் நடக்க வேண்டும். கணுக்கால் தேறிவரும் ஒருவருக்கு அதைவிட ஆபத்தான இடம் வேறில்லை. வீட்டுக்குள்ளேயே முடங்கினால் தசை தளர்ந்துபோகும். பள்ளத்தாக்கிலுள்ள பூங்காக்களிலோ பாதைகள் சமதரை. பலவற்றில் நீச்சல் குளமும் உண்டு. இயன்மருத்துவர் எழுதிக்கொடுத்த பயிற்சிகளை அங்கே தினமும் செய்ய முடியும். எனவே பயணத்தைக் கைவிடாமல் அதன் அளவைக் குறைத்தோம். ஐந்து மாதங்கள் இரண்டாயின. நாளொன்றுக்கு ஓடும் தூரத்தைப் பாதியாக்கினோம். வழியில் பார்ப்பதாக இருந்த இடங்களில் ஹூஸ்டனை அடுத்த பெயர்லாந்து மீனாட்சி அம்மன் கோவிலை மட்டும் விட மனம் வரவில்லை.

ஓட்டியது நான். ஒன்ராறியோவின் சாதாரண ‘ஜி’ சாரதி அனுமதிப்பத்திரமே 4,600 கிலோகிராமுக்கு மேற்படாத ட்ரெயிலரை இழுக்கப் போதுமானது என்பது எத்தனை பெண்களுக்குத் தெரியுமோ, அறியேன். எங்கள் தலைமுறைத் தம்பதியரிடையே எழுதப்படாத ஒரு வேலைப் பிரிவினை உண்டு. வாகனமும் அதற்கு வெளியே உள்ளதெல்லாமும் ஆணுக்கு, கதவுக்கு உள்ளே இருப்பவை பெண்ணுக்கு. பூங்காக்களில் பார்க்கிறேன், வெள்ளையர்களிடத்திலும் இது பெரிதாக வேறுபடவில்லை. அந்த மூன்று மாத ஓய்வில் கணவர் நாற்காலியில் இருந்தபடி சொல்லச் சொல்ல ஒவ்வொரு வேலையையும் பழகினேன். இழுவைக் கொக்கியில் பாரத்தைச் சமன்செய்யும் இரும்புச் சட்டங்களை மாட்டுவதற்குப் பெரும் பலம் வேண்டுமென நினைத்திருந்தேன். ட்ரக்குடன் இணைத்தபின் முன்பக்க ஜாக்கைச் சற்று உயர்த்தினால் சட்டங்களின் இறுக்கம் தளர்ந்து, மெலிந்த கையாலும் மாட்ட முடிகிறது. கழிவை வெளியேற்றுவதிலும் முறை இருக்கிறது. மலத்தொட்டியை முதலில் திறந்து, பிறகு குளியல், சமையல் கழிவுநீர்த் தொட்டியைத் திறந்தால் அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். உண்மையில் கடினமாக இருந்தது பின்னோக்கிச் செலுத்துவதுதான். பயிற்சியாளர் ஒருவரிடம் காசு கொடுத்துப் படித்தும் அது முழுமையாக வசப்படவில்லை. அதற்காக வழியில் எல்லா இடங்களிலும், முன்பக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியேறக்கூடிய தரிப்பிடங்களையே முன்பதிவு செய்தோம். உறைபனி அபாயம் நீங்கும்வரை குழாய்களில் தண்ணீர் விடாமல், வடக்கே இரவுகளை மோட்டல்களில் கழித்தோம்.

உங்கள் கட்டுரை பரிந்துரைத்த பேருந்து அளவிலான மோட்டார் இல்லத்தை நான் மறுப்பதற்கும் இதுவே காரணம். அதன் சக்கரத்தின் பின்னால் அமர இருவரில் ஒருவர் அஞ்சினால், மற்றவருடைய உடல்நலத்தின் மேல்தான் முழுப் பயணமும் நிற்கிறது. வாங்குமுன் உள்ளே சென்று பார்க்க வேண்டியவையும் சில உள்ளன. கட்டிலின் இரு பக்கமும் நடக்க இடமிருக்கிறதா, குளியலறையின் விளிம்பைக் காலை அதிகம் தூக்காமல் கடக்க முடியுமா, வாசலில் உறுதியான கைப்பிடி உண்டா என்று பார்க்க வேண்டும். ஊன்றுகோல்களுடன் ஒருவர் சாதாரண ட்ரெயிலர் வாசலில் ஏறுவது எவ்வளவு சிரமம் என்பதை விற்பனைக்கூடத்தில் யாரும் செய்துகாட்டுவதில்லை.

இந்த வாழ்க்கையை நீண்டகாலமாக வாழும் அமெரிக்கர்கள் இதற்கெல்லாம் ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்பதையும் உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும். 1978இல் தொடங்கப்பட்ட எஸ்கேப்பீஸ் என்னும் ஆர்.வி. சங்கம் ஹூஸ்டனுக்கு வடக்கே லிவிங்ஸ்டன் என்ற சிற்றூரிலிருந்து இயங்குகிறது. அங்கே ‘கேர்’ என்றொரு இலாபநோக்கற்ற நிலையம் உண்டு. காயத்தாலோ நோயாலோ பயணத்தைத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ நிறுத்த நேர்ந்தவர்கள், தங்கள் சொந்த ஆர்.வி.யிலேயே குடியிருந்துகொண்டு, பொது மண்டபத்தில் சமைத்த உணவையும் வைத்தியரிடம் சென்றுவர வாகன உதவியையும் பெறலாம். எங்கள் வழியில் இருந்ததால் இறங்கிப் பார்த்தோம். முதுமையில் உதவி வேண்டுமென்றால் ஒன்று பிள்ளைகளின் வீடு, அல்லது முதியோர் இல்லம் என்றே பழகிய நமக்கு, வாசலில் தன் பூச்சட்டியுடன் தன் சக்கர வீட்டிலேயே பராமரிப்பைப் பெறும் முதியவர்களைக் காண்பது புதுமையாக இருந்தது. நம் சமூகத்தின் முதியோர் அமைப்புகள் போய்ப் பார்க்கத்தக்க இடம் அது.

எல்லைக்கு அப்பால் விழுந்துவிட்டால் நாட்கணக்கும் குழம்பும். கனேடியர்கள் பொதுவாக ஒரு வருகையில் ஆறு மாதங்கள்வரை அமெரிக்காவில் தங்கலாம். நம்மை அமெரிக்க வரிக்குரிய குடியிருப்பாளராகக் கொள்வதா என்பதற்கான கணக்கு வேறு: நடப்பு ஆண்டில் அங்கே கழித்த எல்லா நாட்களுடனும் முந்திய ஆண்டில் கழித்தவற்றின் மூன்றிலொரு பங்கையும் அதற்கு முந்திய ஆண்டில் கழித்தவற்றின் ஆறிலொரு பங்கையும் கூட்டி 183 வருகிறதா என்று பார்ப்பார்கள். அங்கே இருக்கும்போது ஏற்பட்ட உடற்கேட்டினால் திட்டமிட்டபடி வெளியேற முடியாமற்போன நாட்களை 8843 என்ற படிவத்தின் மூலம் அந்தக் கணக்கிலிருந்து விலக்கலாம். ஆனால் தங்கும் அனுமதி அதனால் நீளாது, அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். ஓஹிப் தகுதியைக் காக்க, எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாட்கள் ஒன்ராறியோவில் இருந்தாக வேண்டும். இவற்றை வைத்தியசாலைக் கட்டிலில் இருந்துகொண்டு கற்கத் தொடங்குவது இயலாத காரியம். மேலும், பல காப்புறுதிகள் நோயாளியின் வாகனத்தை ஊர் சேர்க்கும் செலவை ஏற்றுக்கொள்கின்றன; அதில் ட்ரெயிலரும் அடங்குமா என்பதைக் கையொப்பமிடுமுன் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வரும் குளிர்காலத்துக்கும் சக்கரத்தைப் பகிர்ந்தே புறப்படுவதாக இருக்கிறோம். கணவர் இப்போது ஊன்றுகோலின்றி நடக்கிறார். மடிப்புப் படிக்குப் பதிலாக அகலமான, கைப்பிடியுள்ள படிகளைப் பொருத்திவிட்டோம். உங்கள் பத்திரிகை காப்புறுதி நிபந்தனைகளையும் இந்த நாட்கணக்குகளையும் துறைசார்ந்தவர்களைக் கொண்டு விரிவாக எழுதுவித்து, ஆகஸ்ட் மாதத்துக்குள் வெளியிடுமானால் பேருதவியாக இருக்கும். அக்டோபரில் பூங்காக்கள் மூடும் வேளையில் அநேகர் தங்கள் காப்புறுதியை ஏற்கெனவே வாங்கி முடித்திருப்பார்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஸ்காபரோ, ஒன்ராறியோ