மகளிர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பேரையூர் வட்டத்தின் பல ஊர்களிலிருந்தும் இப்பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் சகோதரிகளுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் சங்கம் செய்த பணிகளைச் செயலாளர் என்ற முறையில் உங்கள் முன் வைக்கிறேன். சந்தாவையும் வரவு செலவையும் பொருளாளர் தனியே வாசிப்பார். தையல் வகுப்பும் மகளிர் தின விழாவும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. மற்றபடி இந்த ஆண்டில் நம் உழைப்பின் பெரும்பகுதி சாப்டூர் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கே சென்றது. அங்குள்ள பெண்கள் மீது நடக்கும் பாலியல் வன்முறையையும், அதனோடு பிணைந்து கிடக்கும் அவர்களின் உடல்நலக் குறைவையும் பற்றியே இவ்வறிக்கை பேசுகிறது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி குற்றமாகும். அதற்கு அஞ்சி மட்டுமல்லாமல், நம்மை நம்பிப் பேசியவர்களுக்குக் கொடுத்த வாக்கின்படியும், பெயர், குடியிருப்பு, நாள் எதையும் இதில் குறிப்பிடவில்லை.

மலைக்கு நாம் முதலில் சென்றது வன்முறையைப் பற்றிக் கேட்பதற்காக அல்ல. வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று கிராம சுகாதார செவிலியர் சொன்னதால், அவர்களை அரசு மருத்துவமனையில் பால்வினைத் தொற்றுகளுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையத்திற்கு அழைத்துச் செல்லும் துணையாகவே சென்றோம். பால்வினைத் தொற்றுக்கு மனைவி மட்டும் மருந்து சாப்பிட்டு, கணவன் சாப்பிடாமல் இருந்தால் அது மீண்டும் வரும் என்பதைக் குடும்பத்தாரிடம் விளக்குவதற்கே பல நடைகள் நடக்க வேண்டியிருந்தது. முப்பது வயதைக் கடந்தவர்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது என்பதும் அங்கே பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. மூன்றாவது நான்காவது பயணத்தில்தான், வலியைப் பற்றிப் பேசியவர்களில் சிலர் அந்த வலி எங்கிருந்து தொடங்கியது என்று பேசலானார்கள். உடல்நலத்தைக் கேட்காமல் நேராக வன்முறையைக் கேட்கப் போயிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

பளியர் குடும்பங்கள் இன்றும் தேன், கல்பாசி, நன்னாரி, கடுக்காய் எடுத்து வாழ்ந்தாலும், பலர் மாந்தோப்புகளிலும் இலவந்தோப்புகளிலும் காவலுக்கும் கூலிக்கும் தங்கியிருக்கிறார்கள். பக்கத்தில் வேறு வீடில்லாத ஒற்றைக் குடிசை, வாங்கிய முன்பணம், அது கழியும் வரை வெளியேற முடியாத நிலை ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒரு பெண் யாரிடம் போய் முறையிடுவாள்? "கேசுன்னு போனா நாளைக்கு எங்க போயி வேலை கேக்குறது தாயி, ராவுல எங்க படுக்குறது?" என்று ஒரு மூதாட்டி கேட்ட கேள்விக்கு எங்களிடம் விடையில்லை. முன்பணத்திற்காக ஆளைப் பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் ஒழிப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்திலிருந்தும் பாலியல் தொல்லை குறித்து மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்திற்குள் முறையிடலாம் என்பதையும் அடுத்தடுத்த கூட்டங்களில் விளக்கினோம். குடிசைக்குள்ளேயே குடித்துவிட்டு வரும் கணவனிடம் அடிபடுவோரும் உண்டு. அவர்களுக்கு 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தைச் சொன்னோம்.

இந்த ஆண்டு நாம் கற்ற பெரிய பாடம் நேரத்தைப் பற்றியது. வன்கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கி 28 நாட்கள் விடாமல் கொடுக்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் எவ்வளவு விரைவில் கொடுக்கப்படுகிறதோ அவ்வளவு பயன் தரும். மலையிலிருந்து இறங்குவதற்கே அரை நாள் ஆகிறது. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் முடியாது. ஐப்பசி மழையில் ஒருவரை நாங்கள் அழைத்து வந்தபோது மூன்றாம் நாள் முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு மருத்துவமனையில், முதலில் காவல் நிலையம் போய்த் தாள் வாங்கி வாருங்கள் என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு, அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இத்தகையவர்களுக்கு உடனே, கட்டணமின்றி முதலுதவியும் சிகிச்சையும் தந்துவிட்டுக் காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. மறுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. அன்று இது எங்களுக்கே சரியாகத் தெரியாது என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறேன். தெரிந்திருந்தால் அந்த வாசலை விட்டு நகர்ந்திருக்க மாட்டோம்.

அதன் பிறகு இந்தப் பிரிவுகளைப் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டு, மலைக்குச் செல்லும் ஒவ்வொருவர் பையிலும் ஒரு தாள் இருக்கும்படி செய்தோம். எல்லை எங்களுடையதல்ல என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் புகாரைத் திருப்ப முடியாது என்பதும் அதில் உள்ளது. மதுரை, தேனி, விருதுநகர் மாவட்டங்கள் நெருங்கி வரும் நம் மலைப்பகுதிக்கு இது மிகவும் தேவையான விதி. பெண் முன்பே உறவுக்குப் பழகியவளா என்று விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனையைத் தடை செய்யும்படி 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டதையும், அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அச்சோதனை செய்வோர் முறைகேடாக நடந்தவர்களாகவே கருதப்படுவர் என்று கூறியதையும் சேர்த்திருக்கிறோம். அடுத்த முறை வேறொரு மருத்துவமனையில் அந்தத் தாளை நீட்டியதும் பதிவேட்டைத் திறந்தார்கள்.

பதினெட்டு வயது நிறையாத பெண்களைப் பற்றிச் சொல்வது கடினமாக இருக்கிறது. பதினாறு பதினேழு வயதில் தானே விரும்பி ஒருவனோடு குடும்பம் நடத்தும் பெண் கருவுற்றால், சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி மருத்துவர் காவல்துறைக்குத் தகவல் தெரிவித்தாக வேண்டும். கணவன் சிறைக்குப் போய்விடுவான் என்று அஞ்சி அவள் பரிசோதனைக்கு வருவதில்லை; குடிசையிலேயே பிள்ளை பெறுகிறாள். இரத்தசோகையோடு அப்படிப் பெறுவது உயிருக்கு ஆபத்து. அதே சமயம், அதே வயதுப் பெண்ணைத் தோப்புக்காரர் சீரழித்துவிட்டு "அவர்களுக்குள் அந்த வயதில் கல்யாணம் வழக்கந்தானே" என்று சொல்லித் தப்பப் பார்ப்பதும் நடக்கிறது. இரண்டையும் ஒன்றாக நடத்துவது நியாயமில்லை என்று நம் உறுப்பினர்களில் பாதிப்பேரும், சட்டத்தில் இடைவெளி விட்டால் அது வலியவனுக்கே உதவும் என்று மறுபாதியினரும் வாதிட்டார்கள். செயற்குழுவில் முடிவு எட்டப்படவில்லை. ஆனால் விருப்பத்தோடு கூடி வாழும் சிறுமி கருக்கலைப்புக்கு வந்தால், அவளும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அவள் பெயரைக் காவல்துறைக்குத் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லியிருப்பதையும், சிறுமியருக்கும் வன்கொடுமைக்கு ஆளானோருக்கும் 24 வாரம் வரை கருக்கலைப்புக்குச் சட்டம் இடம் தருவதையும் செவிலியர்களிடம் எடுத்துச் சொன்னோம்.

இந்த "வழக்கம்" என்ற சொல்லைப் பற்றி ஜூன் மாதக் கூட்டத்தில் நீண்ட நேரம் பேசினோம். அமேசான் மழைக்காட்டில், பெரு நாட்டின் கொண்டோர்காங்கி பகுதியில் அவாஜுன் பழங்குடிச் சிறுமியர் தங்கள் ஆசிரியர்களாலேயே சீரழிக்கப்பட்டதைக் குறித்து 2010 முதல் பதிவான புகார்கள் ஐந்நூறைத் தாண்டியதை அவாஜுன் பெண் தலைவர்கள் 2024இல் வெளிக்கொணர்ந்தபோது, அந்நாட்டுக் கல்வி அமைச்சர் அதைப் பண்பாட்டுப் பழக்கம் என்று பேசிக் கடும் கண்டனத்திற்கு ஆளானார். கடல் கடந்த காட்டிலும் இதே சொல்தான் கேட்கிறது. அக்கூட்டம் வாச்சாத்தி நினைவாகக் கூட்டப்பட்டது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்த மலைவாசிக் கிராமத்தில், சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிப் புகுந்த அரசு ஊழியர்கள் 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துபோக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023இல் உறுதி செய்து, அப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. முப்பத்தோராண்டுகள் அவர்கள் நீதிமன்றப் படியேறியதைக் கேட்டபோது, கூட்டத்திற்கு மலையிலிருந்து வந்திருந்த இளம்பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பழங்குடியோ பட்டியல் சாதியோ அல்லாத ஒருவரால் பழங்குடிப் பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானால், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளின்படி நிவாரணம் உண்டு. அதில் பாதி மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகே கிடைக்க வேண்டும். ஆனால் பழங்குடியினர் என்ற சாதிச் சான்று கையில் இல்லாத குடும்பம் அந்தப் பணத்திற்காக எந்த மேசை முன்னும் நிற்க முடிவதில்லை. சான்று இல்லாத குடும்பங்களின் பட்டியலைத் தயாரித்துக் கோட்டாட்சியரிடம் மனுவாகக் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.

வரும் ஆண்டிற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுவன இரண்டு. மழைக்காலமான ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரவிலும் அழைத்தவுடன் புறப்படும்படி ஒரு ஜீப்புக்கு முன்கூட்டியே வாடகை பேசி வைக்கத் தனி நிதி ஒதுக்க வேண்டும். பளியர் பெண்கள் இருவரைச் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினர்களாகச் சேர்க்க விதியில் திருத்தம் செய்ய வேண்டும். அவர்கள் சந்தா கட்ட இயலாவிட்டால் அதைச் சங்கமே ஏற்க வேண்டும். துணைக்குச் செல்ல விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அச்சிட்ட தாள்கள் வாசலில் வைக்கப்பட்டுள்ளன. ஆளுக்குப் பத்துத் தாள்களாக எடுத்துச் சென்று தோப்புகளுக்குப் போகும் பேருந்துகள் நிற்கும் இடங்களில் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்