வாத்தியார் சம்பளமும் எங்கள் வீட்டு வரியும்

நியூ ஜெர்சி,
மே மாதம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

போனில் கேட்டீர்களே, “உங்க ஊர்ல வாத்தியாருக்கு யார் படியளக்கிறது?” என்று. பாதிக்கு மேல் நாங்கள்தான் அப்பா. அதாவது, இந்த ஊரில் வீடு வைத்திருப்பவர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி கட்டுகிறோம். இந்த மாநிலத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரி வரி 2024இல் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதில் பெரும் பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. எவ்வளவு போகிறது என்று ரசீதிலேயே தனியாகப் போட்டிருப்பார்கள். மாநில அரசும் பணம் தருகிறது. ஆனால் 2018இல் பங்கீட்டை மாற்றியதில் சில ஊர்களுக்குக் கூடிற்று, சில ஊர்களுக்கு வருஷா வருஷம் குறைந்தது. எங்களுடையது குறைந்த ஊர்.

போன வாரம், ஊர்ப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் போர்டின் பட்ஜெட் கூட்டத்துக்குப் போயிருந்தேன். போர்டு உறுப்பினர்கள் ஓட்டில் ஜெயித்து வந்தவர்கள், சம்பளம் கிடையாது. யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் நின்று மூன்று நிமிஷம் பேசலாம். டீச்சர்கள் ஒரே நிறச் சட்டையில் வந்து பின் வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். அவர்களுடைய சம்பள ஒப்பந்தம் முடிந்து மாதக்கணக்காகிறது, புதியது கையெழுத்தாகவில்லை.

முதலில் பேசியவர் எங்கள் தெருக்காரர், உங்கள் வயது இருக்கும். “வீட்டுக் கடனை எப்போதோ அடைத்துவிட்டேன். ஆனால் வரியைப் பார்த்தால் என் வீட்டிலேயே வாடகைக்கு இருப்பது போலத்தான்” என்றார். அடுத்து வந்த டீச்சர், சம்பளம் ஏறினாலும் மருத்துவ இன்சூரன்ஸ் பிடித்தம் போகக் கையில் வருவது ஏறவில்லை என்று தன் கணக்கைச் சொன்னார். எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. மொத்த வரியை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாதென்று 2010இல் சட்டம் போட்டுவிட்டார்கள். சில விதிவிலக்குகள் உண்டு, அதற்கும் மேலே போனால் ஊரிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். டீச்சர்களின் இன்சூரன்ஸுக்குப் பள்ளி செய்யும் செலவோ அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. மிச்சத்தை எங்கே பிடிப்பது? இசை வகுப்பில், பள்ளிப் பேருந்தில், நூலகத்தில்.

முன்பு பட்ஜெட்டையே ஏப்ரல் மாதத்தில் ஊர் ஓட்டுக்கு விடுவார்களாம். 2010இல் அப்போதைய கவர்னர் (நம் முதல்வர் மாதிரி) கிறிஸ் கிறிஸ்டி, டீச்சர்கள் சம்பள உயர்வை விட்டுக்கொடுக்காத ஊர்களில் பட்ஜெட்டைத் தோற்கடியுங்கள் என்றார். அந்த வருஷம் பாதிக்கு மேற்பட்ட பட்ஜெட்டுகள் தோற்றன. போர்டு தேர்தலை நவம்பருக்கு மாற்றிக்கொண்ட ஊர்களில், பட்ஜெட் அந்த 2 சதவீத வரம்புக்குள் இருந்தால் ஓட்டே வேண்டாம் என்று 2012இல் சட்டம் வந்ததால் இப்போது இந்தக் கூட்டத்தில் பேசுவதோடு சரி.

உங்களுக்குப் பிடிக்கும் கதை ஒன்று உண்டு. 2001 கடைசியில் இங்கே மிடில்டவுன் என்ற ஊரில் டீச்சர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதுவும் இன்சூரன்ஸ் பிடித்தச் சண்டைதான். வேலைக்குத் திரும்பச் சொன்ன கோர்ட் உத்தரவை மீறியதற்காக, பெயர்களை அகரவரிசைப்படி கூப்பிட்டு 200 பேருக்கு மேல் சிறைக்கு அனுப்பியது கோர்ட். வருகைப் பதிவேடு மாதிரி!

வருமானத்தைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து வரி போடுவதுதான் கோளாறு என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பெரியவருக்கு வீடு விலை ஏறியதால் பென்ஷன் ஏறிவிடவில்லை. முதியோருக்குச் சலுகைத் திட்டங்கள் இருக்கின்றன, விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டும். எங்களையும் சும்மா விடக் கூடாது. நம்மவர்கள் வீடு பார்க்கும்போது சமையலறைக்கு முன்னால் அந்த ஊர்ப் பள்ளியின் தர மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம். பிள்ளை பன்னிரண்டாவது முடித்ததும் விற்றுவிட்டு வரி குறைந்த ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் டீச்சர்களுக்குக் கூடுதல் சம்பளம் வேண்டாம் என்று பேசலாமா என்று எனக்குக் கோபம் வரும்.

நான் மைக் பக்கம் போகவில்லை. அடுத்த கூட்டம் ஜூனில். போய்ப் பேசு என்கிறார் உங்கள் மாப்பிள்ளை.

அதற்கு முன் ஒன்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் அரசு ஊழியர்களும் வாத்தியார்களும் செய்த வேலைநிறுத்தத்தின்போது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அப்போது நம் தெருவில் வாத்தியார்களைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள்? எனக்கு நினைவில்லை. அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்